உங்கள் ஒலிக்கு வேண்டியதை நீங்களே கொண்டு வாருங்கள்: இளம் இசைக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு சபாக்களிலும் கோயில் விழாக்களிலும் கச்சேரி செய்ய வரும் இளம் கர்நாடக இசைக் கலைஞர்களுக்கு,

வணக்கம்.

நவராத்திரி நெருங்குகிறது. அதைத் தொடர்ந்து கந்த சஷ்டி, மார்கழி, தை மாதத்துத் தியாகராஜ ஆராதனை என்று நான்கைந்து மாதங்களுக்கு ஊர்தோறும் கச்சேரிகள் நடக்கும். உங்களில் பெரும்பாலோர் இந்தப் பருவத்தில் ஏறப்போவது பெயர் பெற்ற பெரிய சபாக்களின் மேடைகளில் இருக்காது. பிள்ளையார் கோயில் மண்டபம், குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்கூடம், பள்ளிக்கூடத்தின் திறந்தவெளி அரங்கம், யாரோ ஒரு புரவலர் நவராத்திரிக்காக ஒன்பது நாட்களுக்கு வாடகையின்றிக் கொடுத்த கல்யாண மண்டபம் ஆகியவையே உங்கள் மேடைகள். இப்படிப்பட்ட மேடைகளின் ஓரத்தில் நின்று, ஜமுக்காளம் விரிப்பதிலிருந்து கச்சேரி முடிந்து மின்விளக்கை அணைப்பது வரையிலான வேலைகளைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வாத்தியம், சுருதி, இவற்றுக்கு வேண்டிய மாற்றுப் பொருள்கள், வாத்தியத்தின் ஒலி மின்கம்பிக்குள் நுழையும் இடம் வரைக்கும் தேவைப்படும் கருவிகள் ஆகிய எல்லாம் கலைஞரின் பொறுப்பு. அந்த ஒலியை அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிவரை கொண்டுசேர்ப்பது அழைத்தவர்களின் பொறுப்பு. இந்த எல்லைக்கோடு பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அண்மைக் காலமாக இது மங்கிக்கொண்டே வருகிறது. “அங்கே இருக்கும்” என்ற நம்பிக்கையில் வெறுங்கையோடு மேடைக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அந்த நம்பிக்கை எங்கே பிசகுகிறது, யார் யாரைப் பாதிக்கிறது என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் எங்கள் மேடையில் என்ன இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கென்று நிரந்தரமான ஒலி அமைப்பு கிடையாது. உள்ளூர் மைக் செட்காரர் ஒருவர் வருவார். அவர் காலையில் ஒரு காதுகுத்துக்குக் கட்டியிருப்பார், முதல் நாள் இரவு ஒரு கட்சிக் கூட்டத்துக்குக் கட்டியிருப்பார். பேச்சுக்கும் பாட்டுக்கும் பொதுவான நான்கைந்து டைனமிக் மைக்குகள், அவற்றுக்கான தாங்கிகள், ஒரு சிறிய மிக்சர், இரண்டு பெரிய பெட்டிகள், நேரம் நன்றாக இருந்தால் மேடையில் கலைஞர்கள் தங்கள் ஒலியைக் கேட்டுக்கொள்ள ஒரு சிறிய பெட்டி என்பவைதான் அவர் கொண்டு வருவது. அவர் தம் தொழிலில் திறமையானவர். மழையில் நனைந்த வயரையும் பழுதான பின்னையும் வைத்துக்கொண்டு கூட்டத்தை நடத்திக் கொடுக்கத் தெரிந்தவர். ஆனால் வீணைக்குக் காண்டாக்ட் மைக் (வாத்தியத்தின் மேலேயே ஒட்டும் மைக்) வைத்திருக்கவோ, நுணுக்கமான ஒலிகளையும் பிடிக்கும் உங்கள் கண்டென்சர் மைக்குக்கு அதன் கம்பி வழியே 48 வோல்ட் பாண்டம் மின்சாரம் கொடுக்கும் மிக்சரைத் தவறாமல் கொண்டு வரவோ வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. நாங்கள் அவருக்குக் கொடுக்கும் தொகை அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டால், சற்றும் தயங்காமல் நாகஸ்வர, தவில் கலைஞர்களைத்தான் காட்டுவேன். நாகஸ்வரத்தின் வாய்ப்பகுதியில் ஒரு நூலில் கோத்துத் தொங்கும் சீவாளிகளை, அதாவது ஊதும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் வாய்த்துண்டுகளை, பார்த்திருப்பீர்கள். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். திருவாவடுதுறைப் பக்கத்தில் நாணல் தட்டையிலிருந்து செய்யப்படும் அந்தச் சீவாளி வாசிக்கும்போதே பிளந்துபோகலாம்; எச்சில் ஊறித் தளர்ந்து சுருதி இறங்கலாம். அதற்காகவே மாற்றுச் சீவாளிகளும், அவற்றைச் சரிசெய்யும் ஊசியும் வாத்தியத்தின் மேலேயே கட்டப்பட்டிருக்கின்றன. சுவாமி புறப்பாட்டில், நடுத்தெருவில், இரவு வேளையில் ஒரு சீவாளி போனால் யாரிடம் போய்க் கேட்பது? இந்தக் கேள்விக்கான விடையை அவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே கண்டுபிடித்து, வாத்தியத்தின் வடிவத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். தவில் கலைஞரும் அப்படியே. வலக்கை விரல்களில் மாட்டும் கூடுகள், இடக்கைக் குச்சி, வாரை இறுக்குவதற்கான சாமான் ஆகிய எதையும் அவர் கோயில் நிர்வாகியிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. முன்பு சுருதிக்காக மட்டுமே ஒத்து என்னும் குழலை ஊதுபவர் ஒருவரை நாகஸ்வரக் குழு தன்னுடன் அழைத்து வந்தது. இன்று அந்த இடத்தைச் சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டாலும் அதையும் அவர்களே கொண்டு வருகிறார்கள். 2022-ஆம் ஆண்டு நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த வாத்தியத்தை வாசிக்கிறவர்களின் தொழில் ஒழுக்கத்தையும் அதே அளவுக்கு மதிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனிச் சுருதியைப் பற்றி. கச்சேரி மேடையில் நான் மிகுதியாகக் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

தம்பூராவைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலாமரத்தில் செய்த தஞ்சாவூர்த் தம்பூரா ஒன்றை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். தம்பூரா போடுவதற்கு ஓர் ஆளையும் அழைத்து வர வேண்டும். குடத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதைச் சரிசெய்யும் கைகளும் இன்று குறைவு. ஆகவே மின்னணுத் தம்பூராவும் சுருதிப் பெட்டியும் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. பெங்களூரின் ராடெல் போன்ற நிறுவனங்கள் செய்த பெட்டிகள் இல்லாவிட்டால் சிறிய ஊர்களில் பாதிக் கச்சேரிகள் சுருதியின்றித் திணறியிருக்கும். என் குறை வேறு. அந்தப் பெட்டியைக்கூடக் கொண்டு வராமல், “கைப்பேசியில் செயலி இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டு மேடையேறும் வழக்கம் பரவியிருக்கிறது. கைப்பேசியின் சிறிய ஒலிப்பெருக்கியால் கீழ்ச் சட்ஜத்தை முழுமையாக ஒலிக்க முடியாது. அதைப் பாடகரின் மைக்கின் அருகே வைத்தால், மைக் அதன் கீச்சுப் பகுதியை மட்டும் பிடித்து அரங்கமெங்கும் பரப்பும். வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் அது கேட்கவே கேட்காது. பல்லவியின் நடுவில் அழைப்பு வந்து சுருதி நின்றுபோனதையும், மின்கலம் தீர்ந்து திரை இருண்டதையும் ஒரே பருவத்தில் கண்டிருக்கிறேன். பாடகர் சமாளித்துப் பாடினார் என்பது உண்மை. ஆனால் அவருடைய கவனத்தின் ஒரு பகுதி மேடையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த மின்னேற்றியின் மேலேயே இருந்தது.

செயலியைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால், அதற்கென்று ஒரு பழைய கைப்பேசியைச் சிம் அட்டை இல்லாமல் ஒதுக்கி வையுங்கள்; ஒரு நல்ல சிறிய ஒலிப்பெட்டியையும் அதற்கான கம்பியையும் உடன் கொண்டு வாருங்கள். கம்பியில்லா இணைப்பை நம்ப வேண்டாம். நெரிசலான மண்டபத்தில் அது அறுபடும். வேறு யாருடைய கைப்பேசியோ அந்தப் பெட்டியுடன் இணைந்துகொள்ளவும் கூடும். சுருதிப் பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் அடாப்டரையும், மின்சாரம் நின்றால் ஓடக்கூடிய மின்கலங்களையும் மறவாமல் எடுத்து வாருங்கள். அடாப்டரின் வோல்ட்டும் முனையும் பெட்டிக்குப் பெட்டி மாறுவதால், அடுத்தவருடைய அடாப்டர் உங்கள் பெட்டிக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஊர்ப்புற மேடைகளில் மின்வெட்டு வரும். ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நிமிடத்தில் மைக் போகும், விளக்கு போகும், ஆனால் சுருதி மட்டும் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தால் பாட்டு நிற்காது. அப்படி இருட்டில் தொடர்ந்த ஓர் ஆலாபனையைக் கேட்டவர்கள் அந்தக் கச்சேரியை இன்றும் பேசுகிறார்கள்.

மிருதங்கக் கலைஞர்களைப் பொறுத்தவரை என் பேச்சின் பாதி, பாடகர்களுக்கு உரியது. கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு. பெரும்பாலான ஆண் குரல்கள் 1 கட்டையை ஒட்டியும் பெண் குரல்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுகின்றன. தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு ஏறத்தாழ 24 அங்குல நீளமுள்ள மிருதங்கமும், ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு ஏறத்தாழ 22 அங்குல மிருதங்கமும் வேண்டும். தோல் வாரை இழுத்தும் விளிம்பிலுள்ள மூட்டைத் தட்டியும் ஒரு மிருதங்கத்தை அரைக் கட்டை அளவுக்கு ஏற்றி இறக்கலாமே தவிர, ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியாது. இப்படியிருக்க, “எத்தனை கட்டை?” என்ற கேள்விக்குக் கச்சேரி தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதுதான் பதில் கிடைக்கிறது என்றால் அந்த வாத்தியக்காரர் என்ன செய்வார்? தெரியாத பாடகருக்கு வாசிக்கப் போவதால் முன்னெச்சரிக்கையாக இரண்டு மிருதங்கங்களைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அல்லது ஒன்றோடு வந்து, பொருந்தாத சுருதியில் இரண்டு மணி நேரம் வாசிக்க வேண்டியிருக்கிறது. பாடகர்களே, உங்கள் கட்டையைப் பக்கவாத்தியக்காரர்களுக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தொண்டை சரியில்லாமல் அரைக் கட்டை இறக்கிப் பாடப்போகிறீர்கள் என்றால் அதையும் அன்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். இதுவும் ஒரு வகையில் வாத்தியம் கொண்டு வருவதைச் சேர்ந்த பொறுப்புத்தான்.

மிருதங்கக்காரர்களிடம் நான் கேட்பது மழைக்காலத்தைப் பற்றியது. நம் கச்சேரிப் பருவத்தின் முதல் பாதி வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. ஈரக்காற்றில் தோல் தளரும். குளிரூட்டிய கூடத்துக்குள் வந்ததும் மறுபடி இறுகும். கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து வலப்பக்கத் தோலின் நடுவில் அடுக்கடுக்காக இட்ட கரணை என்னும் கருவட்டம், பழையதாகியிருந்தால், மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின் நடுவே உதிரத் தொடங்கும். ஆகவே வலந்தலையை (அந்த வலப்பக்கத்தை) கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் மிருதங்கம் செய்பவரிடம் காட்டிவிடுங்கள். தட்டிச் சுருதி சேர்க்கும் கல், மரக்கட்டை, இடப்பக்கமான தொப்பிக்கு அப்ப வேண்டிய ரவை, அதைப் பிசையச் சிறிது தண்ணீர் ஆகியவை உங்கள் பையிலேயே இருக்கட்டும். மேடையேறிய பிறகு கோயில் மடப்பள்ளியில் ரவை கிடைக்குமா என்று ஆள் அனுப்பும் நிலை வர வேண்டாம். கிடைக்கும்தான், ஆனால் அதற்குள் முதல் உருப்படியான வர்ணம் தொடங்கியிருக்கும். கஞ்சிராக்காரருக்குச் சிறு கிண்ணத்தில் தண்ணீர், கடம் வாசிப்பவருக்குக் கடத்தை வைக்கும் பிரிமனை ஆகியவையும் இப்படித்தான். மானாமதுரைக் கடத்தின் கனத்தைச் சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரே சுருதிக்கு மட்டுமே பொருந்தும் அந்த வாத்தியத்தில் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு, எது தேவைப்படும் என்று அறிந்து கொண்டு வருகிறவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் வரும் வாகனத்துக்கு அழைத்தவர்கள்தான் பணம் கொடுக்க வேண்டும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வயலின் கலைஞர்கள் பொதுவாகக் கவனமானவர்கள். மாற்றுத் தந்தி இல்லாத வயலின் பெட்டியை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அவர்கள் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டும்போது பாடகரின் கட்டைக்கு ஏற்ப இழுவிசை மாறுவதாலும், உயர்ந்த கட்டைக்கு ஏற்றும்போது மேல்தந்தி அறுவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதாலும் அந்தப் பழக்கம் தானாகவே வந்திருக்க வேண்டும். சிக்கல் வருவது, வாத்தியத்தின் அதிர்வை மின்கம்பிக்குள் அனுப்ப வயலினில் பொருத்தும் பிக்கப்பால்தான். பிக்கப் இருக்கிறது, ஆனால் அதன் கம்பி இல்லை. கம்பி இருக்கிறது, ஆனால் பிக்கப்பின் ஒலியை வலுப்படுத்தும் பிரீஆம்புக்குள் 9 வோல்ட் மின்கலம் தீர்ந்திருக்கிறது. மைக் செட்காரரிடம் இருப்பதோ மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கம்பிகள். வாத்தியத்திலிருந்து வருவதோ கால் அங்குல ஜாக். இரண்டையும் இணைக்கும் சிறு பெட்டியை அவர் வைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு வருவதால்தான் பல கச்சேரிகள் தாமதமாகின்றன. பிரீஆம்ப் இல்லாத பிக்கப்பை நீண்ட கம்பியால் நேராக மிக்சரில் செருகினால் வாத்தியத்தின் தெளிவு கம்பியிலேயே தேய்ந்துபோகும். வழியில் இருக்கும் மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதன் மேல் ஏறிக்கொள்ளும். பிறகு நீங்கள் மைக் செட்காரரைப் பார்த்து முகம் சுளிப்பீர்கள். அவர் தமக்குத் தெரிந்த ஒரே வழியாக உங்கள் ஒலியைக் குறைத்து வைப்பார். இரண்டு மணி நேரம் நீங்கள் வாசித்தது முன்வரிசைக்கு மட்டுமே கேட்கும்.

வீணைக்கு இது இன்னும் பொருந்தும். 24 மெட்டுகளும் 7 தந்திகளும் கொண்ட அந்த வாத்தியத்தின் ஒலி இயல்பிலேயே மென்மையானது. மிருதங்கத்தின் பக்கத்தில் அமர்ந்து, காற்று வீசும் திறந்த மண்டபத்தில், சாதாரண மைக்கை நம்பி அது நிற்க முடியாது. எனவே காண்டாக்ட் மைக் என்பது வீணைக் கலைஞருக்கு இன்று வாத்தியத்தின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது. உங்கள் வீணையின் எந்த இடத்தில் ஒட்டினால் நாதம் இயல்பாக வரும், எந்த இடத்தில் ஒட்டினால் மீட்டும் நகத்தின் ஒலி மட்டும் வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்; முன்பின் பார்த்திராத மைக் செட்காரருக்கு அது தெரிய வழியில்லை. ஒரு நவராத்திரி மாலையில் இது எங்கள் மேடையில் மிகுந்த வேதனையைக் கொடுத்தது. நல்ல வித்வத் உள்ள ஓர் இளம் வீணைக் கலைஞர் காண்டாக்ட் மைக் இல்லாமல் வந்திருந்தார். அக்கம்பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வரவழைத்துப் பொருத்தி, இரைச்சலை அடக்கிக் கச்சேரி தொடங்குவதற்குள் முக்கால் மணி நேரம் கழிந்துவிட்டது. ஒலி மாசு விதிகள் 2000-த்தின்படி, திறந்த இடத்தில் தனி அனுமதி இல்லாமல் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி இயங்கக் கூடாது. ஆகவே இழந்த நேரத்தை இறுதியில் கூட்டிக்கொள்ள வழியே இல்லை. வெட்டுப்பட்டது எது? தனி ஆவர்த்தனம். எல்லாவற்றையும் தயாராகக் கொண்டு வந்து, உரிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே உட்கார்ந்திருந்த மிருதங்கக்காரரின் பங்கு நான்கு நிமிடங்களில் முடிந்துபோனது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்த மடலை எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றுதான் வந்தது.

மின்சாரத்தையே குரலாகக் கொண்ட வாத்தியங்களை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐந்து தந்திகள் கொண்ட மின்மாண்டலினைக் கர்நாடக இசையின் மேடைக்கு உரியதாக்கிய மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் (1969–2014) வாசித்த வகை வாத்தியத்தை இன்று கையில் எடுக்கும் பிள்ளைகள், கீபோர்டில் ராகம் வாசிக்கும் பிள்ளைகள் ஆகியோரிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். உங்கள் ஆம்ப்ளிஃபையரை நீங்களே கொண்டு வரும்போது, அதனுடன் மண்காப்புள்ள மூன்று முனை பிளக்கையும் நல்ல நீட்டிப்புக் கம்பியையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். பழைய மண்டபங்களில் எர்த் இணைப்பு எப்படியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரைச்சல் வருகிறது என்பதற்காக எர்த் முனையை உடைத்தோ துண்டித்தோ வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். 230 வோல்ட் ஓடும் மேடையில், உலோகத் தந்தியில் விரல் வைத்திருப்பவர் உதட்டருகே மைக்கும் வைத்திருந்தால், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பாடகர்கள் தங்கள் மைக்கைத் தாங்களே கொண்டு வர வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். என் கருத்தில் அது தேவையில்லை. ஒலிவாங்கியே இல்லாத காலத்தில் பாடியவர்கள், கூட்டத்துக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே உயர்ந்த கட்டையில் குரலை நிறுத்தினார்கள். மைக் வந்த பிறகும் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) போன்ற மேதை, மைக் இல்லாமல்தான் வாசிப்பேன் என்று வலியுறுத்திய காலம் ஒன்று இருந்தது. அவர் சொன்னதை அப்படியே பின்பற்ற இன்றைய மண்டபங்களும் தெருச் சத்தமும் இடம் தரா என்றாலும், ஒலியின் தரம் வாசிப்பவரின் கவலையாகவும் இருக்க வேண்டும் என்று அவர் காட்டிய பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் கண்டென்சர் மைக்கில் பாடிப் பழகியவராக இருந்து, உங்கள் மைக்கையே கொண்டு வர விரும்பினால் மகிழ்ச்சிதான். ஆனால் மிக்சரில் பாண்டம் மின்சாரம் உண்டா என்பதை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கண்டென்சர் மைக் அக்கம்பக்க ஒலியையெல்லாம் இழுக்கும் என்பதால், கோயில் மணியும் மேளமும் ஒலிக்கும் திறந்த மண்டபத்தில் சாதாரண டைனமிக் மைக்கே உங்கள் குரலுக்கு நல்லது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவையும் கேட்கிற நீங்கள் என்னிடம் திருப்பிக் கேட்கக்கூடியது எனக்குத் தெரியும். சன்மானம் என்ற பெயரில் ஒரு சிறு உறையும், ஒரு பொன்னாடையும், ஒரு பை பிரசாதமும் கொடுக்கிற இடத்துக்கு இத்தனையும் வாங்கிச் சுமந்து வர வேண்டுமா என்று நீங்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. பல கச்சேரிகளில் வாடகைக் காருக்குக் கொடுத்ததுபோக கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. சில இடங்களில் மாணவர்கள்தானே என்று அந்த உறையும் இருப்பதில்லை. கடத்தோடும் வீணையோடும் இரவு பத்தரை மணிக்கு வண்டி தேடி நிற்கும் இளம் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை அப்படி நிற்க விட்டது எங்களைப் போன்ற அமைப்பாளர்களின் குற்றம். கனமான வாத்தியம் வைத்திருப்பவருக்குப் போக்குவரத்துச் செலவைச் சன்மானத்திலிருந்து பிரித்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். வாத்தியங்களைப் பூட்டி வைக்க ஓர் அறை, சுருதி கூட்ட அமைதியான ஓர் இடம், மேடையில் மழைச்சாரலும் வெயிலும் படாத பகுதி ஆகியவற்றை நாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். வெயிலில் நின்ற காருக்குள் வீணையை வைத்தால் மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகிவிடும் என்பதுகூடத் தெரியாமல், “வண்டியிலேயே இருக்கட்டும், கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் நிர்வாகிகள் இன்னும் இருக்கிறார்கள். இந்த மடலைப் படிக்கும் சபா காரியதரிசிகள் இதைத் தங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் ஒன்றைப் பிரித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று சொல்வதில் பெரும்பகுதி விலை உயர்ந்ததோ கனமானதோ அல்ல. ஓர் அடாப்டர், இரண்டு மின்கலங்கள், ஒரு மாற்றுத் தந்தி, ஒரு கம்பி, ஒரு பொட்டலம் ரவை எல்லாம் ஒரு சிறிய துணிப்பைக்குள் அடங்கிவிடும். விலை உள்ள பொருள்களான காண்டாக்ட் மைக், பிரீஆம்ப் போன்றவற்றை ஒரே குருவிடம் பயிலும் மாணவர்கள் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்; கச்சேரி நாள்கள் மோதாமல் பார்த்துக்கொண்டால் ஒரு கருவி நான்கு பேருக்குப் பயன்படும். அதே சமயம், மேடையில் பக்கத்தில் இருப்பவரின் வாத்தியத்தையோ சுருதிப் பெட்டியையோ கடைசி நேரத்தில் இரவல் கேட்கும் வழக்கத்தை நான் ஏற்க மாட்டேன். மூத்த கலைஞர் ஒருவர் மறுக்க மனமில்லாமல் கொடுத்துவிடுவார். பல ஆண்டுகளாகத் தம் கைக்கு ஏற்பப் பழக்கிய மிருதங்கத்தை வேறொருவர் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு அவர் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

இந்த நவராத்திரியிலிருந்து எங்கள் பக்கத்தில் சில மாற்றங்களைச் செய்கிறோம். அழைப்புக் கடிதத்தோடு மண்டபம் திறந்ததா மூடியதா, குளிரூட்டி உண்டா, மேடையில் எத்தனை பிளக் பாயிண்ட் இருக்கிறது, எத்தனை மைக்குகள் வரும், மிக்சரில் பாண்டம் மின்சாரம் உண்டா என்ற விவரங்களும் உங்களுக்கு வரும். மைக் செட்காரரின் கைப்பேசி எண்ணும் அதில் இருக்கும். அவரோடு நேரடியாகப் பேசுங்கள், உங்கள் கேள்விகளை அவர் வரவேற்பார். மாலை 6 மணிக் கச்சேரிக்கு மேடை 4 மணிக்கே தயாராக இருக்கும். 5 மணிக்குள் எல்லா வாத்தியங்களின் கம்பிகளையும் செருகிப் பார்த்துவிட்டால், பிறகு உங்களுக்குக் காபி குடித்துவிட்டு நிம்மதியாகச் சுருதி சேர்க்க நேரம் இருக்கும். கனமான வாத்தியம் கொண்டு வருகிறவர்களுக்குப் போக்குவரத்துச் செலவைத் தனி உறையில், மேடையேறுவதற்கு முன்பே கொடுப்பது என்றும் எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. உங்கள் கட்டை, நீங்கள் கொண்டு வரும் கருவிகள், எங்களிடமிருந்து உங்களுக்குத் தேவைப்படுபவை ஆகியவற்றைக் கச்சேரிக்கு இரண்டு நாட்களுக்கு முன்னதாக எழுதி அனுப்புங்கள்.

மிக்க அன்புடனும் மரியாதையுடனும்,
ஒரு சிறு சபாவின் மேடைப் பொறுப்பாளர்